புல்மஞ்சள் வண்ணத்துப்பூச்சியை இனங்காணல்

மழை பெய்து ஓய்ந்த நாள்களில், தகரைச் செடிகள் மண்டிய வேலியோரங்களில் தாழப் பறந்து திரியும் சிறிய மஞ்சள் வண்ணத்துப்பூச்சியைக் காணாதார் இலர். ஆங்கிலத்தார் இதனைக் 'காமன் கிராஸ் எல்லோ' என்பர். நாம் 'புல்மஞ்சள்' எனலாம். சுவீடன் நாட்டு அறிஞர் லின்னேயஸ் 1758-இல் ட்ராய் நகர அரசியின் பெயரை இதற்குச் சூட்டினார். யூரிமா ஹெகாபே என்பது இதன் இன்றைய அறிவியற்பெயர்.

மழைக்காலத்தில் பிறப்பனவற்றின் மேற்சிறகில் அகன்ற கரிய விளிம்பு காணப்படும்; அடிப்புறம் தெளிந்த மஞ்சளாய் இருக்கும். வறண்ட காலத்தில் பிறப்பனவற்றுக்கோ அவ்விளிம்பு குறுகிவிடும். அடிப்புறத்தில் துருவேறியது போன்ற பழுப்புத் திட்டுகள் தோன்றும். காய்ந்த இலைகளிடையே மறைந்திருக்க இத்திட்டுகள் உதவுகின்றன. பெண்பூச்சி ஆணினும் வெளிறியது. இவ்வேறுபாடுகளைக் கண்ட பத்தொன்பதாம் நூற்றாண்டு ஆய்வாளர்கள், ஒரே இனத்துக்குப் பல பெயர்களை இட்டுவிட்டனர். அவர்களைக் குறைகூறுவதற்கில்லை, யானும் மாணவப் பருவத்தில் இருவேறு பூச்சிகள் என்றே ஏட்டில் எழுதிவைத்துப் பின்னர் அடித்துத் திருத்தியவன். புழுப்பருவத்தில் நிலவும் பகற்பொழுதின் நீளமும் வெப்பமுமே இவ்வடிவங்களை முடிவு செய்கின்றன. கூட்டிலிருந்து வெளிவந்த பூச்சி பின்னர்க் கோலம் மாறுவதில்லை.

ஆகவே, நிறத்தை மட்டும் நம்பி இனத்தைத் துணிதல் ஆகாது. அமரும்போது இது சிறகுகளை மூடிக்கொள்வதால் கரிய விளிம்பும் கண்ணுக்குப் புலப்படாது. முன்சிறகின் அடிப்புறத்தில், உடலை ஒட்டிய பாதியில் உள்ள நுண்ணிய கருங்குறிகளை எண்ணுக. இரண்டாயின் புல்மஞ்சள், மூன்றாயின் யூரிமா பிளாண்டா என்னும் அதன் உறவினம். ஒற்றைக் குறியுடைய இனமும் உண்டு. பூச்சியைப் பிடித்து எண்ண வேண்டா. விரல் பட்டால் சிறகின் செதில்கள் உதிர்ந்துவிடும். மஞ்சள் நிறம் அச்செதில்களிலேயே உள்ளது.

சிலவற்றில் குறிகள் மங்கியிருக்கும். அந்நிலையில் புழுக்களைத் தேடுதல் நலம். புல்மஞ்சள் முட்டைகளைத் தனித்தனியாக இடும். அதன் புழுவுக்கு உடலும் தலையும் பச்சை. மூன்று குறியுடையதோ முட்டைகளைக் கூட்டமாக இடும். புழுக்கள் கருந்தலையுடன் ஒருங்கே மேயும். தகரை, வாகை முதலியவற்றின் இளந்தளிர்களைப் புரட்டிப் பார்க்கும் மாணவர் இதனை நேரிற் காணலாம்.