உறைமோரும் நாய்க்குட்டியும்: ஓர் இனம் எப்படித் தலைமுறை தாண்டுகிறது?

ராஜபாளையம் பக்கம் தலைமுறைகளாக நாய் வளர்க்கும் குடும்பங்கள் உண்டு. 2005இல் அஞ்சல்தலையில் இடம்பெற்ற ராஜபாளையம் இன வெள்ளை நாய் இன்றும் இனம் மாறாமல் பிறப்பது எப்படி? ராத்திரி பாலுக்கு உறை ஊற்றுகிறோமே, அதே முறைதான்.

உறை எடுப்பது: நேற்றைய தயிர் எப்படியோ, இன்றைய தயிரும் அப்படியே. குட்டிக்கும் மரபணுவில் பாதி தாய் கொடுப்பது, பாதி தகப்பன் கொடுப்பது. அதனால்தான் இணை சேர்க்கும் முன் இரண்டின் உடல்கட்டையும் குணத்தையும் பார்க்கிறார்கள்.

உறை மாற்றுவது: ஒரே உறையை மாதக்கணக்கில் ஊற்றினால் தயிர் வழவழத்துவிடும், பக்கத்து வீட்டில் உறை வாங்கி வருவோம். நாயில் அண்ணன் தங்கையைச் சேர்த்தால், குட்டியின் மரபணு ஜோடிகளில் சராசரியாக 25 சதவீதம் ஒரே மூதாதையின் ஒரே நகலாக அமைந்துவிடும். அதுவரை மறைந்திருந்த நோய்கள் அப்போது தலைகாட்டும். அதற்காகத்தான் அதே இனத்தில், உறவில்லாத நாயைத் தேடி வேற்றூர் போகிறார்கள்.

ருசி பார்ப்பது: உறைக்கு எடுக்கும் முன் தயிரை ருசி பார்ப்போம். குட்டியில் அப்படிப் பார்க்க வேண்டியது காது. உட்செவி வேலை செய்ய நிறமி செல்கள் வேண்டும். வெள்ளை நாய்களில் சில குட்டிகளுக்கு அவை அமையாமல் காது கேட்காமல் போகிறது. ஒரு மாதக் குட்டிகள் தூங்கும்போது பின்னால் நின்று, எவர்சில்வர் தட்டைக் கையில் தூக்கிப் பிடித்துக் கரண்டியால் தட்டிப் பாருங்கள். தரையில் வைத்துத் தட்டினால் செவிட்டுக் குட்டியும் அதிர்வில் விழித்துக்கொள்ளும். ஒரு காது மட்டும் கேளாத குட்டியைக் கால்நடை மருத்துவரின் சோதனைதான் காட்டும். செவிட்டுக் குட்டியை அன்போடு வளர்க்கலாம். ஆனால் உறைக்கு, அதாவது இணை சேர்க்க, எடுக்கக் கூடாது.

கைச்சூடு: கொதிக்கும் பாலில் உறை செத்துப்போகும், ஆறிய பாலில் உறையாது. குட்டியின் மனசுக்கு அந்த இளஞ்சூட்டுக் காலம் 3ஆம் வாரம் முதல் சுமார் 14ஆம் வாரம் வரை. அந்த நாட்களில் பிள்ளைகளின் மடி, மிக்ஸி இரைச்சல், பைக் ஹாரன், கோழி, ஆடு எல்லாம் பழகிவிட வேண்டும். அடித்துப் பழக்குவது கொதிபாலில் உறை ஊற்றுவது. தனியே கட்டிப்போடுவது ஆறிய பாலில் ஊற்றுவது. பயிற்சிக்கு ஒரு குடும்பமே தேவைப்படுவது இங்கேதான். தாத்தா முதல் பேத்தி வரை எல்லோரும் ஒரே சொல்லில் கூப்பிட வேண்டும். சொன்னதைச் செய்த அந்த நொடியிலேயே ஒரு துண்டு கருவாட்டைக் கொடுக்க வேண்டும்.

குட்டி வாங்கப் போகிறவர்களே, தாய் நாயைப் பார்க்காமல் வாங்காதீர்கள். உறையும்வரை பாத்திரத்தை யாரும் அசைப்பதில்லை; அதுபோல எட்டு வாரம் முடியாத குட்டியைத் தாயிடமிருந்து பிரிக்காதீர்கள்.