மயிலிடம் இல்லாத நீலம்!

திருவண்ணாமலையில் ரமணாசிரமம் பக்கம் போயிருக்கிறீர்களா, குட்டீஸ்? அங்கே மயில்கள் பயமில்லாமல் நடமாடும். உதிர்ந்த இறகு கிடைத்தால் நோட்டுக்குள் வைத்து, குட்டி போடும் என்று காத்திருப்போமே! அந்த இறகை அரைத்தால் நீலச் சாயம் வருமா?

வராது. பழுப்புத் தூள்தான் வரும். மயிலிறகில் நீல நிறமியே கிடையாது. அதிலுள்ள மிக நுண்ணிய அடுக்குகளில் வெளிச்சம் பட்டுத் திரும்புவதால் நீலமாகத் தெரிகிறது. அவ்வளவுதான்.

சாயமாகவே எடுக்கக்கூடிய நீலம், பச்சையாகத் தெரியும் ஒன்றுக்குள் ஒளிந்திருக்கிறது. அதுதான் ஸ்பைருலினா. ஸ்பிரிங் மாதிரி சுருண்ட, மைக்ராஸ்கோப்பில் மட்டுமே தெளிவாகத் தெரியும் நீலப்பச்சைப் பாசி. புதுச்சேரி அருகே ஆரோவில்லிலும், புதுக்கோட்டை மாவட்டம் ஊனையூரிலும் இதைப் பண்ணை வைத்தே வளர்க்கிறார்கள். தொட்டித் தண்ணீரில் சோடா உப்பைக் கலந்துவிடுவார்கள். அந்தக் காரம் ஸ்பைருலினாவுக்குப் பிடிக்கும். மற்ற பாசிகளுக்குப் பிடிக்காது! பிறகு துணியில் வடிகட்டி, பிழிந்து, காயவைத்தால் பச்சைப் பொடி தயார்.

இந்தப் பொடியில் மூன்று முக்கிய நிறமிகள் உண்டு. பச்சையம் உங்களுக்குத் தெரியும். இரண்டாவது, கேரட்டில் இருக்கும் அதே பீட்டா கரோட்டீன். நம் உடம்பு இதை வைட்டமின் 'ஏ'வாக மாற்றிக்கொள்ளும். அந்த வைட்டமின் குறைந்தால் மாலைக்கண் நோய் வரும். கவனிக்காமல் விட்டால் பார்வையே போய்விடும். அதனால்தான் சென்னை முருகப்பச் செட்டியார் ஆராய்ச்சி மையத்தின் சி.வி.சேஷாத்ரி, 1990-களின் தொடக்கத்தில் கிராமத்துச் சின்னக் குழந்தைகளுக்கு ஸ்பைருலினா கொடுத்துப் பார்த்தார். வைட்டமின் 'ஏ' குறைவைக் காட்டும் கண் புள்ளிகள் குறைந்தன. (ரமணாசிரமத்துக்குப் பக்கத்து ஆசிரமத்தின் சேஷாத்ரி சுவாமிகள் வேறு, இவர் விஞ்ஞானி!)

மூன்றாவதுதான் நம் நீலம். பெயர் பைக்கோசயனின். மற்ற இரண்டும் எண்ணெயில் கரையும். இது தண்ணீரில் கரையும். ஆகவே பிரிப்பது சுலபம். ஊறவைத்து, உறைய வைத்து, உருக விடுகிறார்கள். உள்ளே ஐஸ் கட்டி பெருகும்போது செல்லின் சுவர் கிழிந்து, நீலம் வெளியே வந்துவிடும். வடிகட்டினால் சாயம்! 2013-ல் அமெரிக்கா இதை மிட்டாய்க்கும் சூயிங்கத்துக்கும் சேர்க்க அனுமதித்தது. இது உடம்புக்கு வேறு என்னென்ன நன்மை செய்யும் என்று இன்னும் ஆராய்கிறார்கள்.

ஒரு எச்சரிக்கை: குளத்துப் பச்சையெல்லாம் ஸ்பைருலினா ஆகாது. சில நீலப்பச்சைப் பாசிகள் கொடிய விஷம். வாயில் வைக்கவே கூடாது!

கடையில் விற்கும் ஸ்பைருலினா பொடி கிடைத்தால், அம்மாவிடம் சொல்லிவிட்டு இதைச் செய்யுங்கள். அரை டம்ளர் தண்ணீரில் அரை ஸ்பூன் பொடி. ராத்திரி முழுக்க ஃப்ரீசரில். காலையில் உருகியதும் அசைக்காமல் வையுங்கள். பச்சை அடியில் தங்கும், மேலே நீலம். அதை மெல்லிய துணியில் வடிகட்டி, கண்ணாடி டம்ளரில் ஊற்றி வெயிலில் பக்கவாட்டில் பாருங்கள், சிவப்பாக மினுங்கும்! கொஞ்சம் எடுத்து, கொதிக்கும் தண்ணீரைப் பெரியவர்களை ஊற்றச் சொல்லுங்கள். நீலம் வெளுத்துப் போகும். சூடு என்றால் அதற்கு ஆகவே ஆகாது.