ஒரே ஒருமுறை ஒலித்த இசை

கடையில் வாங்கிய பாடல் குறுவட்டு கீறிப் போனால் வேறொன்று வாங்கிக் கொள்ளலாம். மேடைக் கச்சேரி அப்படியல்ல. அன்றிரவு வாசித்தது அன்றோடு முடிந்தது. யாரோ ஒருவர் அதைப் பதிவு செய்திருந்தால் அதுதான் மூலம். அதைக் கெடுத்துவிட்டால் மீட்க வழியே இல்லை.

பதிவை நண்பர்களுக்கு எந்த வடிவில் கொடுப்பது என்பது அதனால்தான் முக்கியமாகிறது.

குறுவட்டுத் தரத்தில் ஒலி ஒரு வினாடிக்கு 44,100 முறை அளக்கப்படுகிறது. இந்தக் கணக்கில் ஒரு மணி நேர இசைக்கு ஏறக்குறைய 635 மெகாபைட் தேவை. அதையே 128 கிலோபிட் எம்பி3 ஆக்கினால் 58 மெகாபைட்டில் அடங்கிவிடும். எப்படி? பலத்த ஓசைக்குப் பக்கத்தில் ஒலிக்கும் மெல்லிய ஓசை நம் காதில் விழாது என்று கணித்து, எம்பி3 அதை எறிந்துவிடுகிறது. எறிந்தது எறிந்ததுதான்.

ஃபிளாக் என்ற வடிவம் எதையும் எறிவதில்லை. முந்தைய அளவுகளைக் கொண்டு அடுத்ததை ஊகித்து, ஊகத்துக்கும் உண்மைக்கும் உள்ள வித்தியாசத்தை மட்டும் எழுதி வைக்கிறது. கோப்பு பெரும்பாலும் மூல அளவில் பாதி முதல் மூன்றில் இரண்டு பங்காகச் சுருங்கும். விரித்தால் ஒரு பிட் கூடக் குறையாது. சேலையை மடித்துப் பெட்டியில் வைப்பதும், இடம் போதவில்லை என்று முந்தானையை வெட்டி எறிவதும் ஒன்றாகுமா?

அமெரிக்காவின் கிரேட்ஃபுல் டெட் இசைக்குழு, 1984இல் ரசிகர்கள் பதிவு செய்யவென்றே அரங்கில் தனி இடம் ஒதுக்கியது. அந்த ஒலிநாடாக்களைப் பிரதிக்குப் பிரதி எடுக்க, இரைச்சல் கூடிக்கொண்டே போனது. எம்பி3யை மறுபடி மறுபடி எம்பி3 ஆக்கினாலும் இதே கதைதான். கைதட்டலும் தாளத்தட்டும் முதலில் கரகரக்கும். 2001இல் ஃபிளாக் வந்தது. 2002இல் இன்டர்நெட் ஆர்க்கைவ் தொடங்கிய நேரடி இசைக் காப்பகம், இழப்பில்லாத கோப்புகளையே கேட்டது.

இதில் ஒரு பொறியும் உண்டு. எம்பி3யை ஃபிளாக் ஆக மாற்றினால் கோப்பு பெருக்கும்; போன ஒலி திரும்பாது. வாங்குபவரோ அதையே மூலம் என்று நம்பி விடுவார். அலைவரிசைப் படத்தில் 16,000 ஹெர்ட்ஸுக்கு மேல் வெட்டியது போல வெறுமையாக இருந்தால் சந்தேகப்படலாம்.

எம்பி3 கெட்டது என்று பொருளல்ல. காரில் கேட்க அது தாராளமாகப் போதும். 320 கிலோபிட் எம்பி3க்கும் மூலத்துக்கும் வேறுபாடு காண்பது பலருக்கும் கடினம். ஆனால், கேட்பதற்கான பிரதி வேறு, காப்பதற்கான மூலம் வேறு.

அடுத்த முறை பிள்ளையின் அரங்கேற்றத்தைப் பதிவு செய்யும்போது, கருவியில் 'வேவ்' அல்லது 'ஃபிளாக்' என்று இருந்தால் அதையே தேர்ந்தெடுங்கள். பிறகு உறவினர்களுக்கு எத்தனை எம்பி3 வேண்டுமானாலும் எடுத்துக் கொடுக்கலாம். மூலக் கோப்பை மட்டும் இரண்டு இடங்களில் பத்திரப்படுத்துங்கள். இருபது ஆண்டு கழித்து அந்தப் பிள்ளையே வந்து கேட்கக்கூடும்.