உங்களுக்குத் தெரியுமா? கோட்டைக்குள்ளே ஒரு வியாபாரிகள் மண்டபம்!

தலைமைச் செயலகம் என்றதுமே "நமக்கு அங்கே என்ன வேலை?" என்று ஒதுங்கிவிடுகிறீர்களா? தப்பு! செயலகம் இருக்கிற சென்னைப் புனித ஜார்ஜ் கோட்டை வாசலில் பையைச் சோதனைக்குக் காட்டிவிட்டு உள்ளே நடந்து பாருங்கள். அங்கே ஒரு பழைய மாடிக் கட்டடம் இருக்கிறது. பெயர், கோட்டை அருங்காட்சியகம். அரை நாள் அதற்குள்ளேயே சுற்றினேன். மடி நிறைய செய்திகளோடு வந்திருக்கிறேன். ஒவ்வொன்றாக எடுத்து விடுகிறேன், பிடித்துக்கொள்ளுங்கள்!

இந்தக் கட்டடம் கட்டி முடிந்த வருஷம் 1795. ராஜாவுக்காகக் கட்டியதல்ல. சாமிக்காகவும் அல்ல. சரக்கு விலை பேசக் கட்டியது!

மாடியில் நீளமாக ஒரு கூடம். வியாபாரிகள், தரகர்கள், கப்பல் தலைவர்கள் எல்லாரும் கூடிப் பேரம் பேசிய 'பப்ளிக் எக்ஸ்சேஞ்ச்' மண்டபம் அதுதான். இன்று நீங்கள் செருப்புச் சத்தம் கேட்காமல் மெல்ல நடக்கிற அதே கூடத்தில், 230 வருஷத்துக்கு முன்னால் காது கிழிகிற மாதிரி விலை கூவியிருப்பார்கள்!

லாட்டரிச் சீட்டுக் குலுக்கலும் இதே கூடத்தில்தான். பொதுக்கூட்டமா? இங்கேதான். கேளிக்கையா? அதுவும் இங்கேதான்!

மெட்ராஸ் வங்கியின் அலுவலகம் இருந்ததும் இந்தக் கட்டடத்தில்தான். அப்புறம் நடந்ததைக் கேளுங்கள். 1843-ல் சென்னையின் பழைய வங்கிகள் சேர்ந்து 'பேங்க் ஆஃப் மெட்ராஸ்' ஆயின. 1921-ல் அது இம்பீரியல் வங்கியில் கலந்தது. 1955-ல் இம்பீரியல் வங்கியே ஸ்டேட் வங்கி ஆனது. உங்கள் பையில் ஸ்டேட் வங்கிப் பாஸ் புத்தகம் இருந்தால், அதன் கொள்ளுத்தாத்தா வீடு இது!

அந்தக் காலத்து நாணயக் கணக்கு தெரியுமா? ஒரு வராகனுக்கு 42 பணம். ஒரு பணத்துக்கு 80 காசு. ஆக ஒரு வராகனுக்கு 3,360 காசு! சில்லறை எண்ணியே பொழுது போயிருக்கும்!

நாணய அலமாரிக்கு முன்னால் நின்று நான் இதை வாய்விட்டுச் சொல்லிக்கொண்டிருந்தேன். பக்கத்தில் நின்ற பள்ளிக்கூடப் பையன் ஒருவன் விரல்விட்டு எண்ணிப் பார்த்து, "சரிதான் சார்!" என்றான்!

இனி தலையை நிமிர்த்திக் கூரையைப் பாருங்கள். சென்னையின் முதல் கலங்கரை விளக்கம் எரிந்தது இந்தக் கூரை மேலேதான்! 1796-ல் ஏற்றினார்கள். எதை ஊற்றி எரித்தார்கள் தெரியுமா? தேங்காய் எண்ணெய்!

அப்புறம் அந்த வெளிச்சம் ஊருக்குள் நடக்க ஆரம்பித்தது. 1844-ல் இன்றைய உயர் நீதிமன்ற வளாகத்தில் தனியாக ஒரு கல்தூண் விளக்கு. 1894-ல் உயர் நீதிமன்றக் கோபுரத்தின் உச்சி. 1977-ல் மெரினா. முதல் விளக்கு வியாபாரிகள் மண்டப மாடியில், நாலாவது விளக்கு லிஃப்ட் வைத்த கோபுரத்தில்!

கோட்டைக் கூரையில் எதற்குக் கலங்கரை விளக்கம் என்கிறீர்களா? துறைமுகம் கட்டுவதற்கு முன் கடல் எங்கே இருந்தது தெரியுமா? கோட்டைச் சுவரை ஒட்டியே! இன்று நாம் சுண்டல் தின்கிற மெரினா மணலில் பெரும்பகுதி அப்போது கிடையவே கிடையாது!

கப்பல் கரைக்கு வராது. நடுக்கடலில் நங்கூரம் போட்டு நிற்கும். சரக்கும் சீமாட்டிகளும் மசூலா படகில் அலை தாண்டி வர வேண்டும். அந்தப் படகில் ஆணியே கிடையாது. பலகைகளைக் கயிற்றால் தைத்திருப்பார்கள். ஆமாம், தையல்! அலை மோதினால் ஆணி அடித்த படகு உடையும். தைத்த படகு வளைந்து கொடுக்கும்!

கூடவே வரும் நம்மூர்க் கட்டுமரத்தைப் பார்த்துச் சொக்கிப்போன வெள்ளைக்காரர்கள் பெயரையும் சேர்த்து எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள். இன்று உலகம் பூராவும் 'கேட்டமரான்'!

சரி, அருங்காட்சியகத்துக்குத் திரும்புவோம். உள்ளே நுழைந்ததும் ஆளை மிரட்டுகிற மாதிரி ஒரு பெரிய சலவைக்கல் சிலை. இவர் காரன்வாலிஸ் பிரபு. 1781-ல் யார்க்டவுனில் அமெரிக்கர்களிடம் சரணடைந்தாரே, அவரேதான்! அங்கே தோற்றவர், இங்கே 1792-ல் திப்பு சுல்தானின் இரண்டு பிள்ளைகளைப் பிணையாக வாங்கினார். பீடத்தில் குனிந்து பாருங்கள். அந்தக் காட்சியையே செதுக்கி வைத்திருக்கிறார்கள்! அப்பாவைப் பிரிந்து எதிரி முகாமுக்குப் போகிற பிள்ளைகள். எனக்கு அந்த இடத்தைவிட்டு நகர மனசே வரவில்லை.

சிலையைச் செய்தவர் தாமஸ் பேங்க்ஸ். இங்கிலாந்திலிருந்து கப்பலேறி வந்த சிலை! வந்த பிறகும் ஒரே இடத்தில் நிற்கவில்லை. கோட்டை மைதானத்தில் நின்றது, கன்னிமாரா நூலகத்தில் கொஞ்ச காலம் இருந்தது, கடைசியில் இங்கே குடிவந்தது!

தேனாம்பேட்டையில் செனடாஃப் சாலை இருக்கிறதே, அந்தப் பெயரும் காரன்வாலிஸால் வந்ததுதான். செனடாஃப் என்றால் உடல் இல்லாத நினைவுக் கல்லறை. ஆள் புதைக்கப்பட்டது உத்தரப்பிரதேசத்துக் காஜிப்பூரில்!

ராபர்ட் கிளைவ் கைப்பட எழுதிய கடிதம் பார்க்க வேண்டுமா? இங்கே இருக்கிறது! 1744-ல் சென்னையில் வந்து இறங்கியபோது அவர் கிழக்கிந்தியக் கம்பெனியில் வெறும் குமாஸ்தா. சம்பளம் எவ்வளவு தெரியுமா? வருஷத்துக்கு 5 பவுன்!

இப்போது சொல்லப்போவதுதான் எனக்குப் பிடித்தது. ஒரு மரக்கூண்டு! கோழிக்கூண்டு என்று நினைத்துத் தாண்டிப் போய்விடாதீர்கள். இதற்குள் ஒரு மனிதனை அடைத்து வைத்திருந்தார்கள்! மெட்ராஸ் பீரங்கிப் படையின் கேப்டன் ஆன்ஸ்ட்ரதர். 1840, அபினிப் போர். சீனாவில் நில அளவை செய்யப் போனவரைப் பிடித்துக் கூண்டில் போட்டுத் தூக்கிக்கொண்டு போய்விட்டார்கள்!

பக்கத்தில் போய் உட்கார்ந்து பார்த்தேன். நிற்க முடியாது. காலை நீட்டவும் முடியாது. முழங்காலை மார்போடு கட்டிக்கொண்டு கிடக்க வேண்டியதுதான். அவர் என்ன செய்தார் தெரியுமா? சிறையில் படம் வரைந்து காட்டியே பிடித்தவர்களின் மனசைப் பிடித்துவிட்டார்! 1841 பிப்ரவரியில் உயிரோடு விடுதலை. கூண்டு மட்டும் சென்னைக்கு வந்து சேர்ந்திருக்கிறது!

"அவன் பெரிய எம்டன்டா!" என்று நம் வீட்டில் சொல்வோமே, அந்த எம்டனின் துண்டு ஒன்றும் இங்கே இருக்கிறது! 1914 செப்டம்பர் 22, ராத்திரி. ஜெர்மானியப் போர்க்கப்பல் எம்டன் சென்னைக்கு எதிரே வந்து நின்று சுமார் 130 குண்டுகளை வீசியது. துறைமுகத்துப் பக்கம் எண்ணெய்த் தொட்டிகள் குபுகுபுவென்று எரிந்தன. அந்தக் குண்டு ஒன்றின் சிதறலைத்தான் வைத்திருக்கிறார்கள். துருப்பிடித்த ஓர் இரும்புத் துண்டு. ஊரையே நடுங்க வைத்த இரும்பு!

எம்டனின் ஆட்டம் அடங்கியது அதே வருஷம் நவம்பர் 9. சென்னையைத் தாக்கி 48-வது நாள்! கப்பல் போய் நூறு வருஷத்துக்கு மேல் ஆகிறது, சொல் மட்டும் தமிழில் கம்பீரமாக உலாவுகிறது!

வெளியே வந்தால் நாலு எட்டில் புனித மேரி தேவாலயம். 1680-ல் திறந்தது. அங்கே தாலிக்குப் பதில் மோதிரம் மாற்றிக்கொண்ட முதல் மாப்பிள்ளை எலிஹு யேல்! பின்னால் கோட்டைக்கே கவர்னர் ஆனார். 1718-ல் அவர் அமெரிக்கக் கல்லூரி ஒன்றுக்கு அனுப்பியது 9 பொதி சரக்கு, 417 புத்தகம், ஒரு ராஜா படம். அவ்வளவுதான். கல்லூரிக்கே யேல் என்று பெயர் வைத்துவிட்டார்கள்!



அருங்காட்சியகத்தில் பதிவான பொருட்கள் 3,661!

ஆனால் 3,660 பொருளையும் ஒரு பக்கம் வைத்து, ஒன்றை மறுபக்கம் வைத்தாலும் என் மனசு அந்த ஒன்றின் பக்கம்தான் சாயும். அது ஒரு மூவர்ணக் கொடி! 1947 ஆகஸ்ட் 15 அதிகாலையில் இதே கோட்டையில் ஏற்றிய கொடி. பட்டுத்துணி. 12 அடி நீளம், 8 அடி அகலம்! மங்கிய விளக்கொளியில், கண்ணாடிக்குள், ஈரம் படாமல் பாதுகாக்கிறார்கள். 2013 குடியரசு தினத்திலிருந்துதான் நம் கண்ணுக்குக் காட்டுகிறார்கள். நிறம் கொஞ்சம் வெளிறியிருக்கிறது. நூல் நூலாகப் பட்டின் இழை தெரிகிறது. கம்பெனிக்காரர்கள் விலை கூவிய கட்டடத்தில் சுதந்திரக் கொடி!

கோட்டை ரயில் நிலையத்தில் இறங்கி நடந்தே போய்விடலாம். வெள்ளிக்கிழமை மட்டும் போகாதீர்கள். பூட்டியிருப்பார்கள்!