கயிற்றுச் சரக்கும் கப்பற் கூலியும்

கயிற்றைத் திரித்து முடித்ததும் தொழில் முடிந்தது என்று நம் அங்கத்தினர்களுள் சிலர் எண்ணுகின்றனர். திரித்த கயிறு வாங்குவோர் கையைச் சேரும்வரை ஆகும் செலவே இலாபத்தை நிர்ணயிக்கிறது. அருப்புக்கோட்டை, திருச்சுழி வட்டாரங்களிற் பனைநாரையோ கழிவு நூலையோ கயிறாக்கி வெளிநாட்டுச் சந்தைக்கு அனுப்ப விழையும் சங்கங்கள் முதலிற் கவனிக்க வேண்டியது இதுவே.

கயிறு, எடைக்கு மிஞ்சி இடத்தை அடைக்கும் சரக்கு. பிறர் சரக்கோடு சேர்த்துக் கப்பலில் அனுப்பும் சிறு சரக்குக்கு, டன் கணக்கில் எடை, கன மீட்டர் கணக்கில் இடம் ஆகிய இரண்டில் எது மிகுதியோ அதற்கே கூலி விதிப்பது வழக்கம். ஒரு டன் கயிறு தளர்ந்த கட்டாக 4 கன மீட்டர் இடத்தை அடைத்தால் நான்கு பங்குக் கூலி. அழுத்திய சிப்பமாக 2 கன மீட்டரில் அடங்கினால் இரண்டு பங்கே. முழுப் பெட்டியாக அனுப்பினாலும் இதே நியாயந்தான். 20 அடிப் பெட்டியின் உட்கொள்ளளவு ஏறத்தாழ 33 கன மீட்டர். தளர்ந்த கட்டாயின் 8 டன் கொள்ளும் அப்பெட்டி, சிப்பமாயின் 16 டன் கொள்ளும், வாடகையோ ஒன்றே.

1974இல் பெருந்துறைமுகமாக அறிவிக்கப்பட்ட தூத்துக்குடித் துறைமுகம், பந்தல்குடி, எட்டயபுரம் வழியாகச் செல்லும் நெடுஞ்சாலையில், அருப்புக்கோட்டையிலிருந்து 100 கிலோமீட்டருக்குள் இருக்கிறது. துறைமுகம் அண்மையில் இருக்கும் அனுகூலத்தைத் தளர்ந்த கட்டு விழுங்கிவிடலாகாது. அழுத்தும் பொறியைத் தனியொருவர் வாங்குதல் அரிது. சில சங்கங்கள் ஒன்றுகூடி வாங்குதல் இயலும்.

அடுத்த பகை ஈரம். ஈரக் கயிறு கிடங்கிற் பூஞ்சணம் பூத்து வலுவிழக்கும். பெட்டியினுள்ளோ, பகல் வெப்பத்தில் ஆவியாகும் ஈரம் இரவுக் குளிரில் கூரைத் தகட்டிற் படிந்து சரக்கின்மேற் சொட்டும். ஐக்கிய நாடுகளின் அபாயச் சரக்குப் பட்டியலில், ஈரமான தாவர நார் 1372 என்னும் எண்ணின்கீழ், தானே சூடேறித் தீப்பற்றக்கூடிய பொருள்களுள் வைக்கப்பட்டிருக்கிறது. எண்ணெய் தோய்ந்த நாருக்கும் அவ்வபாயம் உண்டு.

ஆகவே, கயிற்றை நன்கு உலர்த்திய பின்னரே சிப்பமாக்குக. தரையிற் கிடத்தாது மரச்சட்டங்களின்மேல், சுவரை ஒட்டாமல், காற்றோட்டமாக அடுக்குக. உர மூட்டைகளும் எண்ணெய்ப் பீப்பாய்களும் இருக்கும் அறையில் வைத்தல் தகாது. ஈரத்தை ஈர்த்துக் கசியும் உரம் நாரைக் கெடுக்கும். சங்கக் கிடங்கு ஒன்றேயாயின், நடுவே தடுப்புச் சுவர் எழுப்புதல் நலம். முன்வந்த சரக்கை முன்னர் அனுப்புக. ஒவ்வொரு சிப்பத்தின் எடையையும் அளவையும் இருப்புப் பதிவேட்டிற் பதிக. கூலிப் பட்டியல் வரும்போது வழக்காட அதுவே ஆதாரம்.

மழை குறைவென்று நாம் நொந்துகொள்ளும் இச்சீமையின் வெயில், கயிற்றுத் தொழிலுக்குக் காசில்லாமற் கிடைத்த முதலாகும். ஐப்பசி மழைக்கு முன்னரே சரக்கை உலர்த்திக் கட்டிவிடும் சங்கத்தின் அங்கத்தினர், தம் உழைப்பின் பயனைக் கப்பற் கூலிக்கும் பூஞ்சணத்துக்கும் பறிகொடார்.