வேலையை விட்டுச் சென்றவரின் கணினிக் கணக்கு: பூட்டினால் மட்டும் போதுமா?

பெங்களூரு: பணியிலிருந்து விலகும் ஊழியரின் அடையாள அட்டையைக் கடைசி நாளிலேயே திரும்பப் பெற்றுக்கொள்ளும் நிறுவனங்கள், கணினிகளுக்குள் அவருக்கு இருக்கும் நுழைவுரிமையை நீக்க மறந்துவிடுவது உண்டு. அந்த மறதி எத்தகைய இழப்பில் முடியும் என்பதற்குச் சிங்கப்பூரில் நடந்த ஒரு வழக்கு சான்றாக உள்ளது.

180 சர்வர்கள் அழிந்தது எப்படி?

சிங்கப்பூரின் என்சிஎஸ் நிறுவனத்தில் பணியாற்றிய இந்தியர் ஒருவர், 2022 நவம்பரில் வேலையிலிருந்து நீக்கப்பட்டார். அவர் அறிந்திருந்த நிர்வாகிக் கணக்கின் கடவுச்சொல் அதன் பிறகும் செயல்பட்டது. 2023 ஜனவரியில் இந்தியாவிலிருந்தே அந்நிறுவனத்தின் கணினி அமைப்புக்குள் நுழைந்த அவர், மார்ச் மாதம் ஒரு நிரலை இயக்கி, மென்பொருள் சோதனைக்கான 180 மெய்நிகர் சர்வர்களை ஒவ்வொன்றாக அழித்தார். நிறுவனத்திற்கு ஏற்பட்ட இழப்பு சுமார் 9.18 லட்சம் சிங்கப்பூர் டாலர். 2024 ஜூனில் அவருக்கு 2 ஆண்டு 8 மாதச் சிறைத் தண்டனை விதிக்கப்பட்டது.

இதில் அதிநுட்பமான ஊடுருவல் எதுவும் இல்லை. மூடப்பட்டிருக்க வேண்டிய கதவு திறந்தே இருந்தது.

எலெக்ட்ரானிக் சிட்டிக்கு இது ஏன் முக்கியம்?

கர்நாடக அரசின் கியோனிக்ஸ் நிறுவனம் 1978-ல் கோணப்பன அக்ரஹாரா, தொட்டதோகூர் கிராமங்களில் 332 ஏக்கரில் உருவாக்கியது எலெக்ட்ரானிக் சிட்டி. இன்று இன்போசிஸ் தலைமையகம் முதல் பத்துப் பேர் பணியாற்றும் சிறு நிறுவனங்கள் வரை இங்கு இயங்குகின்றன. ஓசூரிலிருந்து மாநில எல்லையைக் கடந்து நாள்தோறும் இங்கு வேலைக்கு வருவோரும் பலர். ஒரு நிறுவனத்திலிருந்து மற்றொன்றுக்கு மாறுவது இத்துறையில் இயல்பான ஒன்று.

பெரிய நிறுவனங்களில் ஊழியர் கணக்குகள் ஒரே மையத்தில் நிர்வகிக்கப்படுகின்றன. அங்கு ஒருவரின் கணக்கை முடக்கினால், மின்னஞ்சல் உள்ளிட்ட சேவைகள் அவருக்கு நின்றுவிடும். ஆனால், சோதனைக் கூடத்தில் உள்ள ஒரு சர்வரிலோ தனிக் கணினியிலோ நேரடியாக உருவாக்கப்பட்ட உள்ளகக் கணக்கு அந்த மையப் பட்டியலில் இடம்பெறாது. ஒவ்வொரு கணினியிலும் தேடித்தான் அதை மூட வேண்டும். சர்வர்கள் பலவற்றில் சுட்டியால் சொடுக்கும் திரை வசதி இருப்பதில்லை என்பதால், இப்பணி பெரும்பாலும் எழுத்து வடிவக் கட்டளைகள் மூலமே நடைபெறுகிறது.

கணக்கு எங்கே பதிவாகிறது?

லினக்ஸ் இயங்குதளத்தில் 'யூசர்ஆட்' என்ற கட்டளை புதிய கணக்கை உருவாக்குகிறது, 'யூசர்மாட்' அதனைத் திருத்துகிறது, 'யூசர்டெல்' நீக்குகிறது. இவற்றை இயக்க 'ரூட்' எனப்படும் முதன்மை நிர்வாகியின் அதிகாரம் தேவை. பயனரின் பெயரும் எண்ணும் ஒரு கோப்பிலும், கடவுச்சொல்லின் குறியாக்க வடிவம் 'ஷேடோ' என்ற மற்றொரு கோப்பிலும் பதிவாகின்றன. கணினி ஒருவரைப் பெயரால் அன்றி எண்ணால்தான் அடையாளம் காண்கிறது. ரூட் பயனரின் எண் 0. சாதாரணப் பயனர்களுக்குப் பெரும்பாலும் 1000 முதல் எண்கள் வழங்கப்படுகின்றன.

பூட்டினால் போதுமா?

பலர் தவறு செய்யும் இடம் இதுதான். 'யூசர்மாட்' கட்டளையுடன் கழித்தல் குறியும் பெரிய 'எல்' எழுத்தும் சேர்த்து இயக்கினால், ஷேடோ கோப்பில் கடவுச்சொல் பதிவின் முன் ஓர் ஆச்சரியக்குறி சேர்க்கப்படும். அதன் பின் எந்தக் கடவுச்சொல்லும் அப்பதிவுடன் பொருந்தாது.

ஆனால், இது கடவுச்சொல்லை மட்டுமே பூட்டுகிறது, கணக்கை அல்ல. தொலைவிலிருந்து சர்வரில் நுழையும் பொறியாளர்கள் பலர் கடவுச்சொல்லுக்குப் பதிலாக 'எஸ்எஸ்எச்' எனப்படும் மின்னணுச் சாவியைப் பயன்படுத்துகின்றனர். கடவுச்சொல் பூட்டப்பட்ட பின்னரும், அச்சாவியைக் கொண்டு நுழைய வழி இருக்கக்கூடும்.

எனவே, பூட்டுவதோடு கணக்கின் காலாவதித் தேதியையும் கடந்துபோன ஒரு நாளாக மாற்ற வேண்டும். அதே கட்டளையில் கழித்தல் குறி, சிறிய 'இ', 1 என்ற எண் ஆகியவற்றைச் சேர்த்தால், 1970 ஜனவரி 2 காலாவதித் தேதியாகப் பதிவாகும். அதன் பின் வழக்கமான அமைப்புள்ள சர்வர் சாவியையும் ஏற்பதில்லை. அவர் ஏற்கெனவே உள்ளே இருந்தால், காலாவதி அவரை வெளியேற்றாது. அவர் பெயரில் இயங்கும் பணிகளை 'பிகில்' கட்டளையால் தனியே நிறுத்த வேண்டும்.

உடனே அழித்துவிடலாமா?

அவசரப்பட்டு அழிப்பதிலும் ஆபத்து உள்ளது. 'யூசர்டெல்' கட்டளையைக் கழித்தல் குறி, 'ஆர்' ஆகியவற்றுடன் இயக்கினால், அந்த ஊழியரின் கோப்புறையும் சேர்ந்தே அழிந்துவிடும். விசாரணைக்குத் தேவைப்படும் தடயங்களும் அதனுடன் போய்விடக்கூடும்.

கணக்கை மட்டும் அழித்தாலும், வேறு இடங்களில் அவர் உருவாக்கிய கோப்புகள் அவரது பழைய எண்ணுடன் அப்படியே இருக்கும். பட்டியலில் கடைசி எண் கொண்டவரின் கணக்கு அழிக்கப்பட்டால், அடுத்துச் சேருபவருக்கு அதே எண் வழங்கப்படும். அப்போது விலகியவரின் கோப்புகள் அனைத்தும் புதியவருக்கு உரிமையாகிவிடும். ஆகவே முதலில் கணக்கைப் பூட்டிக் காலாவதியாக்கி, கோப்புகளை உரியவரிடம் ஒப்படைத்த பின்னரே அழிப்பது பாதுகாப்பானது.

விண்டோஸில் என்ன செய்வது?

விண்டோஸ் கணினியில் நிர்வாகி அதிகாரத்துடன் கட்டளைச் சாளரத்தைத் திறந்து 'நெட் யூசர்' என்று தட்டச்சு செய்தால், அக்கணினியில் உள்ள கணக்குகளின் பட்டியல் தோன்றும். அக்கட்டளையுடன் பயனர் பெயரையும் 'ஆக்டிவ்: நோ' என்ற விருப்பத்தையும் சேர்த்தால் கணக்கு முடங்கும். இங்கு ஒவ்வொரு கணக்கிற்கும் தனித்த அடையாள எண் உண்டு. கணக்கை அழித்துவிட்டு அதே பெயரில் மீண்டும் உருவாக்கினாலும் பழைய உரிமைகள் திரும்ப வராது. எனவே இங்கும் முதலில் முடக்குவதே நல்லது.

சட்டம் என்ன சொல்கிறது?

அனுமதியின்றி மற்றவரின் கணினியில் தீய நோக்குடன் நுழைவது, தகவல் தொழில்நுட்பச் சட்டம் 2000-ன் 43, 66 ஆகிய பிரிவுகளின்படி 3 ஆண்டுகள் வரை சிறையோ, 5 லட்சம் ரூபாய் வரை அபராதமோ, இரண்டுமோ விதிக்கத்தக்க குற்றமாகும். நிறுவனங்களுக்கும் கடமை உண்டு. மத்திய அரசின் செர்ட்-இன் அமைப்பு 2022 ஏப்ரல் 28-ல் வெளியிட்ட உத்தரவுப்படி, இணையப் பாதுகாப்புச் சம்பவங்களை 6 மணி நேரத்திற்குள் தெரிவிக்க வேண்டும். கணினிப் பதிவுகளை 180 நாட்கள் பாதுகாக்க வேண்டும்.

சிங்கப்பூர் வழக்கு உணர்த்துவது மற்றொன்றும் உண்டு. பலர் பகிர்ந்துகொள்ளும் நிர்வாகிக் கணக்கை, ஒருவர் விலகினார் என்பதற்காக மூட முடியாது. அவர் விலகும் நாளிலேயே அதன் கடவுச்சொல்லை மாற்றுவதே வழி. ஒவ்வொருவருக்கும் தனிக் கணக்கு வழங்கினால், யார் எப்போது நுழைந்தார் என்பது பதிவாகும். விலகும்போது அவருடைய கணக்கை மட்டும் மூடினால் போதும். இவற்றுக்குத் தேவைப்படுவது சில நிமிடங்களும், எந்தெந்தக் கணினியில் யாருக்குக் கணக்கு உள்ளது என்ற முறையான பட்டியலும் மட்டுமே.