வாய் இங்கே, மூளை எங்கோ

இங்கிலாந்தின் தென்மேற்கு முனையான கார்ன்வாலில் வில் ஜாக்சன் என்பவர் 2004ஆம் ஆண்டில் தொடங்கிய ‘இன்ஜினியர்டு ஆர்ட்ஸ்’ என்னும் சிறு நிறுவனம், ஆலையில் பளு தூக்குவதற்கோ வீட்டில் பாத்திரம் துலக்குவதற்கோ அல்லாமல், மக்கள் கூடும் இடத்தில் நின்று பேசுவதற்கென்றே மனித உரு ரோபோக்களைச் செய்துவருகிறது. அதன் முதல் புகழ்பெற்ற படைப்பான ‘ரோபோதெஸ்பியன்’, அதே வட்டாரத்திலுள்ள ஈடன் புராஜெக்ட் என்னும் தாவரக் காட்சியகத்தின் இயந்திர நாடகத்துக்காக உருவானது. அழுத்தக் காற்றைச் செலுத்தியதும் பருத்து, நீளத்தில் குறுகும் குழாய்களே அதன் கைகளுக்குத் தசைகளாக அமைந்தன.

2021 டிசம்பரில் காணொளி வழியாகவும், அடுத்த மாதம் அமெரிக்காவின் லாஸ் வேகாஸ் நகரில் நடந்த மின்னணுப் பொருள் கண்காட்சியில் நேரிலும் அறிமுகமான ‘அமேக்கா’தான் இந்நிறுவனத்தை உலகறியச் செய்தது. சாம்பல் நிற ரப்பர் தோலுக்குப் பின்னால் உள்ள சிறு மோட்டார்கள் புருவத்தையும் இமையையும் உதட்டையும் தனித்தனியே இழுப்பதால், வியப்பு, ஐயம், சலிப்பு ஆகியவை அந்த முகத்தில் அடுத்தடுத்துத் தோன்றி மறைகின்றன. முடியில்லாத தலையும், ஆணா பெண்ணா என்று சொல்ல முடியாத சாயலும், மூடாமல் விடப்பட்ட மூட்டுகளும் வேண்டுமென்றே அமைக்கப்பட்டவை. ஓர் இயந்திரம் மனிதரை ஏறத்தாழ ஒத்திருந்தும் முழுமையாக ஒவ்வாதபோது பார்ப்பவருக்கு ஒருவித அருவருப்பு எழுகிறது என ஜப்பானிய அறிஞர் மசாஹிரோ மோரி 1970இல் எழுதினார். அந்த அருவருப்பை எழுப்பாமல் தப்புவதற்கு, தன்னை இயந்திரமென்று ஒளிக்காமல் காட்டிக்கொள்வது நல்ல உத்திதான். இத்தனை நுட்பமிருந்தும் அமேக்காவால் ஓர் அடிகூட எடுத்துவைக்க முடியாது. நிறுத்திய இடத்திலேயே அது நிற்கும்.

அதன் பேச்சு வேறு வகையைச் சேர்ந்தது. கேட்பவரின் குரல் முதலில் எழுத்தாக மாற்றப்பட்டு, ஏராளமான நூல்களையும் உரைகளையும் கொண்டு பயிற்றப்பட்ட மொழி மாதிரி என்னும் மென்பொருளுக்கு இணையம் வழியே அனுப்பப்படுகிறது. அது ஆக்கித்தரும் விடை மீண்டும் குரலாகி, உதட்டசைவோடு இணைந்து வெளிவருகிறது. இதற்கு ஆகும் சில நொடிகளில் முகம் அசையாதிருந்தால் பழுதென்று தோன்றும். இமைத்தலும் பார்வையைத் திருப்புதலும் அந்தத் தாமதத்தையே யோசனைபோல் காட்டிவிடுகின்றன. இதைத்தான் இந்த ரோபோவின் மிகப் பெரிய நடிப்பு எனலாம்.

2023 ஜூலையில் ஜெனீவாவில் ஐ.நா.வின் தொலைத்தொடர்பு அமைப்பு நடத்திய மாநாட்டில் அமேக்காவும் வேறு சில ரோபோக்களும் பத்திரிகையாளர்களைச் சந்தித்தபோது, மெதுவாகவும் தெளிவாகவும் கேட்குமாறும், விடை தாமதித்தால் அது இணைய இணைப்பின் குறையே என்றும் முன்கூட்டியே அறிவிக்கப்பட்டது. படைத்தவரை எதிர்ப்பாயா என்ற கேள்விக்கு, அவர் தன்னிடம் அன்பாகவே இருக்கிறார் என்று அமேக்கா சொன்ன பதில் செய்தியாயிற்று. அப்பதில்களில் எவ்வளவு முன்பே எழுதப்பட்டவை என்பது தெளிவாக்கப்படாதது அந்த அளவுக்குப் பேசப்படவில்லை.

ரோபோவின் பேச்சு வெளியிலிருந்து வருவது புதிய வழக்கமும் அன்று. 1928இல் லண்டன் கண்காட்சியொன்றில் எழுந்து வணங்கி உரையாற்றிய ‘எரிக்’ என்னும் உலோக மனிதனுக்கும் குரல் வானொலி அலை வழியே வெளியிலிருந்துதான் வந்தது. குரல் எங்கிருந்து வருகிறது என்று அன்று ஐயுற்றவர்களின் கேள்வி இன்றும் பழசாகிவிடவில்லை. ஆகவே இத்தகைய காட்சிக்குச் செல்வோர், அசைவுகள் முன்பே பதிவானவையா, திரைக்குப் பின்னால் யாரேனும் இயக்குகிறாரா, விடையை ஆக்குவது எந்த மென்பொருள் என்று அங்குள்ள பணியாளரிடம் கேட்டுவிட்டு, அதன்பின் ரோபோவிடம் பேசத் தொடங்கலாம்.